மஞ்சள் நூல் கட்டின மூலை

பிப்ரவரி 11

மகனுக்கு,

அன்னைக்கு எங்க தையல் கூடத்துல இருந்தவங்க ஒன்பது பேர். புதுசா வந்த மேனேஜர். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவ. பட்டன் வைக்கிற அக்கா, பக்கத்துலயே அவ தங்கச்சி. இஸ்திரிக்காரர். பெட்டி கட்டுறவர். டைப் அடிக்கிற அம்மா. வாசல்ல நிக்க வேண்டிய வாட்ச்மேன், வேடிக்கை பார்க்க உள்ள வந்துட்டார். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. யார் எந்த ஜன்னல் பக்கம் நின்னாங்க, யார் வாயில குண்டூசி கடிச்சுக்கிட்டு இருந்தாங்க, அதுவரைக்கும் சொல்லுவேன்.

இது ஏன் இப்ப ஞாபகம் வந்துச்சுன்னா உன் கடிதத்தாலதான். நாலு பக்கம் எழுதியிருக்கே. வேலை போனதுல இருந்து உன்கிட்ட இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கலை. கம்பெனியில நாப்பத்துமூணு பேரை மேய்ச்சவன், இப்ப சம்பளமில்லாத ஒரு கூட்டத்துல சேர்ந்திருக்கே. உடம்பளவு கொடுத்தா சட்டைக்குத் துணி வெட்டுற பேட்டர்ன் வரைஞ்சு கொடுக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம், உலகத்துல யாரும் சும்மா எடுத்துக்கலாம், யாரும் திருத்தலாம், முதலாளி கிடையாதுன்னு எழுதியிருக்கே. கட்டிங் மாஸ்டரா இருந்தவ பெத்த பிள்ளையாச்சேன்னு சேர்ந்தியாம். படிச்சு எனக்கும் பெருமையா இருந்துச்சு. மூணாம் பக்கத்துல வந்து கெடுத்துட்டே.

இது சரியில்லை, அதைச் சேர்க்கணும்னு ஜனங்க எழுதிப் போட்ட சீட்டு முந்நூத்திப் பன்னிரண்டு தேங்கிக் கிடந்துச்சாம். நீ ஒரே மத்தியானத்துல அத்தனையும் மூடிட்டியாம். எல்லாத்துலயும் ஒரே வரி. "நீண்ட நாளாக அசைவில்லை. மூடப்படுகிறது. நன்றி." இப்ப அந்தச் சீட்டுப் பலகை சுத்தமா இருக்காம். நீண்ட நாளா அசைவில்லையாம்! நானும்தான் நாளைக்கு நாலு தடவைக்கு மேல நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதில்லை. என் முதுகுலயும் அதை ஒட்டிடு.

எங்க கூடத்துல ஒரு சுவர் இருந்துச்சு. நீ அப்ப பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தே, உனக்குத் தெரியாது. அது முழுக்க காக்கி பேப்பர் பேட்டர்ன் தொங்கும். யாருக்கு எது வேணுமோ எடுத்து நகல் வரைஞ்சுக்கலாம். தப்பு கண்டுபிடிச்சா சாக்பீஸால திருத்தி, பேப்பர் மூலையில தன் கலர் நூலை முடிச்சுப் போட்டு மறுபடி மாட்டணும். யார் திருத்தினாங்கன்னு நூலைப் பார்த்தாலே தெரியும். என்னுது நீலம். புது மேனேஜர் வந்த மூணாம் நாள், சுவர் அழுக்கா இருக்குன்னு ஒரே மத்தியானத்துல அத்தனையும் பிடுங்கி சாக்குமூட்டையில போட்டார். சுவருக்கு வெள்ளை அடிச்சார். ஆறு மாசத்துல அந்தக் கூடத்துல பாதிப் பேர் இல்லை. அந்த மனுஷன் முகத்தை இன்னைக்குப் பார்த்தாலும் காறித் துப்புவேன்.

நீ மூடினதை ஒவ்வொண்ணா திறந்து படி. முந்நூத்திப் பன்னிரண்டும். படிச்சு முடிச்சேன்னு எழுதுற வரைக்கும் என்கிட்ட இருந்து கடிதம் எதிர்பார்க்காதே. போனும் பண்ணாதே. போன்ல நீ "ம், ம்"னு சொல்றப்ப பின்னாடி தட்டுற சத்தம் எனக்குக் கேக்குது. காது மந்தம்னாலும் அது கேக்குது.

பேத்திக்கு முத்தம். உனக்கு இல்லை.

அம்மா

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

முத்தத்தைப் பேத்திகிட்ட சேர்த்தாச்சு. "அப்பாவுக்கு ஏன் இல்லை, என்ன பண்ணினே?"ன்னு கேட்டா. பதினஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தைச் சொல்ல.

நான் கெட்ட எண்ணத்துல செய்யலை அம்மா. கொஞ்சம் என் பக்கத்தையும் கேளு. இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச நல்ல வேலைன்னா அதுதான். திங்கட்கிழமை காலையில அஞ்சாம் மாடிக் கண்ணாடி அறைக்குள்ள நுழைவேன். மேஜையில ஒரு மூலை உடைஞ்சிருக்கும், அதுதான் என் இடம். பேனா மூடியைத் திறந்தா அந்த வாசனை. பலகையில போன வாரத்து வேலையெல்லாம் அழிச்சு, புது வேலைக்குக் கோடு போடுவேன். சுத்தமான பலகையைப் பார்த்தா எல்லாருக்கும் ஒரு தெம்பு வரும், எனக்கும்தான். வீட்டுக்கு அனுப்பின அன்னைக்கு ஒரு காபிக் கோப்பையும் ஒரு பூந்தொட்டியும் கையில வெச்சுக்கிட்டு லிஃப்ட்ல இறங்கினேன். கீழே வந்ததும் மறுபடி மேலே போய்ப் பார்த்தேன். பலகையில என் கோடெல்லாம் அப்படியே இருந்துச்சு. அழிக்க மனசு வரலை.

இங்க வந்து பார்த்தா ஒரு ஒழுங்கும் இல்லை. யார் எதைச் செய்யிறாங்கன்னு யாருக்கும் தெரியலை. அட்டவணை போட்டேன். ஒவ்வொருத்தர் பேருக்கும் வேலையும் தேதியும் போட்டேன். வியாழக்கிழமை எல்லாரும் திரையில கூடணும்னு சொன்னேன். இருபத்தாறு பேருக்கு அழைப்பு அனுப்பினேன், ஒரே ஒருத்தர் வந்தார். அவர் பேர் யாருக்கும் தெரியாது, எல்லாரும் ஆந்தைன்னுதான் கூப்பிடுறாங்க. ஒன்பது வருஷமா இந்தப் புரோகிராமைக் கட்டிக் காக்கிறவர் அவர்தான். "நீங்க போட்ட அட்டவணை அழகா இருக்கு. ஆனா இங்க யாரும் யாருக்கும் வேலை கொடுக்கிறதில்லை. என்ன வேலை கிடக்குன்னு காட்டுவோம், பிடிச்சவங்க எடுத்துப்பாங்க"ன்னார். சரி, கிடக்கிற குப்பையையாவது ஒதுக்குவோம்னுதான் அந்தச் சீட்டுகளை மூடினேன். அதுக்கப்புறம் ஆந்தை ஒரு வார்த்தை எழுதலை. மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அவர் இல்லாம எதுவும் நகரலை. மத்தவங்க என்னைத் திட்டக்கூட இல்லை அம்மா. திட்டினா பரவாயில்லை.

முந்நூத்திப் பன்னிரண்டையும் படிக்க மாசக்கணக்கு ஆகும். பாதி எனக்குப் புரியவே புரியாது. நீயே சொல்லு, நடக்கிற காரியமா?

இன்னொண்ணு. ஒன்பது பேர்னு எழுதி எட்டு பேரைத்தான் சொல்லியிருக்கே. ஒன்பதாவது நீதான்னு தெரியுது. ஆனா மேனேஜர் பிடுங்கினார், வெள்ளை அடிச்சார்னு எழுதினவ, நீ என்ன செஞ்சேன்னு எழுதலையே. நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளா?

அன்புடன்,
மகன்

மார்ச் 15

மகனுக்கு,

எழுத மாட்டேன்னுதான் இருந்தேன். பதில் சொல்லத் தெரியாம வாயடைச்சுப் போயிட்டேன்னு நீ நினைச்சுக்குவேன்னு இதை எழுதுறேன்.

புரியாதுன்னா புரியிற வரைக்கும் படி. நான் நாலாங்கிளாஸ். இன்ச் டேப்புல கால் இன்ச்சுக்கும் அரைக்கால் இன்ச்சுக்கும் வித்தியாசம் தெரியாமதான் அந்தக் கூடத்துக்குள்ள போனேன்.

உன் அஞ்சாம் மாடியைப் பத்தி எழுதியிருந்தே. எனக்கும் ஒரு கூடம் இருந்துச்சு. முதலாளி உடம்பு சரியில்லாமப் படுத்து, பழைய மேனேஜரும் ஓடிப்போய், பதினோரு மாசம் எங்களைக் கேக்க ஆளில்லை. ஆறு பொம்பளைங்க, மூணு ஆம்பளைங்க. கதவை இழுத்துப் பூட்டிடுவாங்கன்னு ஊரே சொல்லிச்சு. நாங்க பூட்டலை. அந்தச் சுவர் அப்ப பிறந்ததுதான். வேலை வந்தா பேப்பரைச் சுவர்ல மாட்டுவோம், யாருக்குக் கை ஓடுதோ அவங்க எடுப்பாங்க. காஜாக்காரி காலர் வெட்டக் கத்துக்கிட்டா. இஸ்திரிக்காரர் ஒரு நாள் கைமடிப்புல தப்பு இருக்குன்னு வெள்ளை நூல் கட்டிட்டு வெக்கப்பட்டுக்கிட்டு ஓடினார். என் இடம் மூணாம் மேசை. எல்லாரும் என்னை மூணாம் மேசைன்னுதான் கூப்பிடுவாங்க. காலையில வந்ததும் சுவரைத்தான் முதல்ல பார்ப்போம், புதுசா எந்த மூலையில எந்தக் கலர் தொங்குதுன்னு. அந்தப் பதினோரு மாசம் மாதிரி நான் அதுக்கு முன்னாடியும் இருந்ததில்லை, பின்னாடியும் இல்லை. உன் அப்பாகூட, "என்ன, வேலைக்குப் போறியா விருந்துக்குப் போறியா?"ன்னு கேப்பார்.

நான் என்ன செஞ்சேன்னு கேட்டியே. முதல்ல நீ படிச்சு முடி. அப்புறம் சொல்றேன். இது சத்தியம். அதுவரைக்கும் இதுதான் கடைசிக் கடிதம்.

அம்மா

ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

அறுபத்தேழு படிச்சிருக்கேன். பேத்தி பக்கத்துல உக்காந்து எண்ணுறா.

போன வாரம் ஒரு விஷயம் நடந்துச்சு. சீட்டு படிக்கிறப்ப உதவிப் பக்கத்துல ஒரு இடத்துல இன்ச்சுன்னு இருக்க வேண்டியது சென்டிமீட்டர்னு இருந்துச்சு. திருத்தி அனுப்பினேன். யார்கிட்டயும் வேலை வாங்காம நானே செஞ்ச முதல் வேலை அதுதான் அம்மா. மறுநாள் யாரோ ஒரு பொண்ணு, நாப்பத்துமூணு பேரை மேய்ச்சவன்னு என்னைத் தெரியாதவ, "நல்லது, நன்றி"ன்னு எழுதிச் சேர்த்துக்கிட்டா. அதை ஏழு தடவை படிச்சேன். உன் மருமகள் எட்டாவது தடவை படிச்சுட்டு, "ஒரு வார்த்தைக்கா இந்தப் பாடு?"ன்னு சிரிச்சா.

ஆந்தை இன்னும் வரலை. நீயும் எழுதலை. ரெண்டு பேரும் சொல்லி வெச்சுக்கிட்டீங்களா?

உன் மகன்

ஜூன் 8

அம்மா,

முடிச்சுட்டேன். முந்நூத்திப் பன்னிரண்டு.

உண்மையைச் சொல்லணும்னா குப்பையும் இருந்துச்சு. பாதிக்கு மேல என்னைக்கோ சரியாகிப்போன விஷயம். ஆனா நூத்திப் பதினேழாவதுல ஒரு அக்கா, ஒரு கை இல்லாத தன் தம்பிக்குச் சட்டை தைக்கிறதுக்கு வழி கேட்டிருக்கா. அதுக்கு நான் "அசைவில்லை, நன்றி"ன்னு எழுதியிருக்கேன். படிச்சுட்டு எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன். தொண்ணூத்திநாலு சீட்டைத் திரும்பத் திறந்திருக்கேன்.

இருநூத்தி எட்டாவது சீட்டு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. "முதுகு வளைஞ்ச பெண்களுக்கு உங்க பேட்டர்ன் சரியா வராது. பின்பக்கம் தோளுக்குக் கீழே குறுக்கே வெட்டி முக்கால் இன்ச் திறந்து விடணும். முன்பக்கம் அரை இன்ச் மடிச்சு எடுக்கணும். கழுத்தோரம் சின்னதா ஒரு டாட், அதாவது கூம்பு மடிப்பு, பிடிக்கணும். இல்லைன்னா பின்னாடி தூக்கிக்கிட்டு, முன்னாடி தொங்கும். பாவம், அவங்க நாள் முழுக்க சட்டையை இழுத்து விட்டுக்கிட்டே இருப்பாங்க." கூடவே ஒரு படம். காக்கி பேப்பர், சாக்பீஸ் கோடு, ஓரத்துல கத்தரிக்கோல். கத்தரிக்கோல் பிடியில நீல நூல் சுத்தியிருக்கு.

அந்தக் கத்தரிக்கோலை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அதால பேப்பர் வெட்டி உன்கிட்ட எத்தனை அடி வாங்கியிருக்கேன். கீழே பார்த்தா "மூணாம் மேசை"ன்னு பேர்.

ஏன் அம்மா என்கிட்ட சொல்லலை? சீட்டுக்குக் கீழே பதினாலு பேர் எழுதியிருக்காங்க. என் அம்மாவுக்கும் இப்படித்தான், என் பாட்டிக்கும் இப்படித்தான்னு. ஆந்தை, "சரியான வழி. நேரம் கிடைச்சதும் சேர்க்கிறேன்"ன்னு எழுதியிருக்கார். அதுக்குக் கீழே என் வரி. அத்தனை பேரும் காத்துக்கிட்டிருந்த இடத்துல போய் நான் அசைவில்லைன்னு எழுதியிருக்கேன்.

எல்லாரும் படிக்கிற இடத்துல எழுதினேன். "படிக்காம மூடினது என் தப்பு. பலகை சுத்தமா இருந்தா வேலை நடந்ததா நினைச்சே பழகிட்டேன். அட்டவணையை எடுத்துட்டேன். எந்த வேலை கிடக்குன்னு சொல்லுங்க, செய்யிறேன்." இருபத்திரண்டு வருஷத்துல நான் இப்படி ஒரு கடிதம் எழுதினதில்லை. அனுப்புற பொத்தானை அமுக்க ஒரு காலைப்பொழுது ஆச்சு. சாயங்காலம் ஆந்தைகிட்ட இருந்து ஒரே வரி: "208-ல இருந்து ஆரம்பிக்கலாமா?"

ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம். இப்ப அந்தப் புரோகிராம்ல வளைஞ்ச முதுகுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு. உதவினவங்க பட்டியல்ல உன் பேர் இருக்கு அம்மா. "மூணாம் மேசை." பேத்தி அதைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கா.

படிச்சு முடிச்சேன். நீ சத்தியம் பண்ணியிருக்கே. என்னை மன்னிச்சேன்னும் ஒரு வரி எழுது.

உன் மகன்

ஜூன் 21

என் ராசாவுக்கு,

உன்னை என்னைக்கோ மன்னிச்சாச்சு. இந்தத் தடவை முத்தம் உனக்கும் உண்டு.

அந்தச் சீட்டை எனக்காக எழுதிப் போட்டது மாடி வீட்டு டீச்சர். அவ தன் துணியைத் தானே தைக்கிறவ, உங்க புரோகிராம்லதான் பேட்டர்ன் எடுப்பா. அவளோட அம்மாவுக்கு ஒரு சட்டை தைச்சுக் கொண்டுவந்து காட்டினா. பின்னாடி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. அப்ப நீ கம்பெனியில இருந்தே. நீ அதே கூட்டத்துல சேர்ந்தேன்னு எழுதினப்ப, ஒருநாள் என் சீட்டைப் பார்த்து நீயே கண்டுபிடிப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள மூடிட்டே. டீச்சர் வந்து நீ எழுதின வரியைப் படிச்சுக் காட்டினா. உன் பேரும் அதுல இருந்துச்சு. அவகிட்ட நீ என் மகன்னு நான் சொல்லலை.

இப்ப என் சத்தியத்துக்கு வரேன்.

எங்க கூடத்துல துணி ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் மெஷின்ல ஒருத்தி இருந்தா. அன்னைக்குக் கூடத்துல இல்லாதவ அவதான். அவ நூல் மஞ்சள். என்னைவிடச் சின்னவ. சிரிச்சா மெஷின் சத்தத்தையும் மீறிக் கேக்கும். என் மூணாம் மேசைக்கு வந்து தினம் என் சாக்பீஸைக் கடன் வாங்கிட்டுத் திருப்பித் தர மறந்துடுவா. அவ அம்மாவுக்கு முதுகு வளைஞ்சுபோச்சு. ஒரு நாள் என் பேட்டர்னை, கட்டிங் மாஸ்டரோட பேட்டர்னை, சுவர்ல இருந்து எடுத்து, குறுக்கே வெட்டி, முக்கால் இன்ச் திறந்து, மூலையில மஞ்சள் நூல் கட்டி மாட்டிட்டா. எல்லாரும் சுத்தி நின்னு பார்த்தாங்க. இஸ்திரிக்காரர், "மூணாம் மேசைக்கே வாத்தியார் வந்தாச்சு"ன்னார். விளையாட்டாத்தான் சொன்னார். நானும் சிரிச்சேன். ஆனா நாலு மாசம் அந்த மஞ்சள் நூல் என் கண்ணுல குத்திக்கிட்டே இருந்துச்சு.

மேனேஜர் வந்த மூணாம் நாள் அவ லீவு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. மேனேஜர் சும்மா பிடுங்கலைடா. நான் உனக்கு எழுதினது பாதிதான். அவர் சுவர் முன்னாடி நின்னு, "இதெல்லாம் வேணுமா?"ன்னு கேட்டார். மரியாதையாத்தான் கேட்டார். வேற எங்கேயோ பெரிய கம்பெனியில இருந்து வந்தவர், அவருக்கு என்ன தெரியும்? ஏழு பேரும் என்னைப் பார்த்தாங்க. வேணும்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் சுவர் இருந்திருக்கும். எதிர்ல அந்த மஞ்சள் நூல் தொங்கிக்கிட்டிருந்துச்சு. நான் சொன்னேன், "பழைய குப்பை சார்." முதல் பேப்பரை நானே உருவி அவர் கையில கொடுத்தேன். அது எந்தப் பேப்பர்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அவ வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துட்டு உக்காந்துட்டா. "யாருக்கா இப்படிப் பண்ணினது?"ன்னு என்னைக் கேட்டா. மேனேஜர்னேன். மத்த ஏழு பேரும் வாயைத் திறக்கலை. ஒரு மாசத்துல அவ வேலையை விட்டுட்டா. முதல்ல போனது அவதான். ஆனா என்னை விடலை. வருஷத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு வருவா, ரெண்டு பேருமா உக்காந்து அந்த மேனேஜரைத் திட்டுவோம். அவளைவிட நான் அதிகமாத் திட்டுவேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அவ போய்ச் சேர்ந்துட்டா. கடைசியாப் பார்த்தப்ப அவ முதுகும் வளைஞ்சிருந்துச்சு. சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே என்கூடப் பேசினா. எனக்கு முக்கால் இன்ச் தெரியும், அரை இன்ச் தெரியும், டாட் எங்க பிடிக்கணும்னு தெரியும். ஒரு சட்டை வெட்டிக் கொடுக்க என் கை எழும்பலை. கொடுத்தா, எப்படிக்கா இதை ஞாபகம் வெச்சிருக்கேன்னு கேப்பா. அப்ப நான் என்ன சொல்லுவேன்?

அவ போன பிறகுதான் டீச்சரைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைப் போட்டேன். அது அவளோட திருத்தம். நான் திருடினதைத் திரும்ப மாட்டினேன், அவ்வளவுதான். அங்கயும் புத்தி கெட்டு, டீச்சர் என்ன பேர் போடட்டும்னு கேட்டதும் என் பேரையே சொல்லிட்டேன்.

அதனால ராசா, உன் ஆந்தைகிட்ட சொல்லி அந்தப் பட்டியல்ல என் பேரை எடுத்துடு. ஓவர்லாக்காரின்னு போடு. முடிஞ்சா மஞ்சள் கலர்ல போடு. உங்க கூட்டத்துல யார் வேணும்னாலும் திருத்தலாம்னு சொன்னியே, இதுதான் என் திருத்தம். இதை மூடிடாதே.

நீ தப்பு செஞ்சு நாலு மாசத்துக்குள்ள எல்லார் முன்னாடியும் எழுதிட்டே. ஒரு காலைப்பொழுது ஆச்சுன்னு வருத்தப்பட்டிருக்கே. எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆச்சு, அதுவும் சொன்னது உனக்கு மட்டும்.

மேனேஜரை விட்டுட்டேன். உயிரோட இருந்தா நல்லா இருக்கட்டும். சும்மா நின்ன ஏழு பேரையும் விட்டுட்டேன், வாட்ச்மேன் உட்பட. மன்னிக்க முடியாத ஆள் ஒருத்திதான் பாக்கி. கையெழுத்து கீழே இருக்கு.

மூணாம் மேசை